மூணு நாளா ஆய் போகலை, டாக்டர்!

வாசகர் கேள்விகள் – குழந்தை மருத்துவர் பதில்கள்

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். சோறு ஊட்டுவது எப்படி என்றுதான் நிறையப் பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், உள்ளே போவதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலையில்லை, வெளியே வருவதைப் பற்றித்தான் எல்லாமே. சரி, கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம்.

எங்கள் மகளுக்கு இரண்டே கால் வயது. தாய்ப்பால் மட்டும் குடித்த மாதங்களில் நாலைந்து நாள் போகாவிட்டாலும் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். இப்போதும் மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறாள். வரும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, காலைப் பின்னி, முகம் சிவக்க முக்குகிறாள், ஆனால் ஒன்றும் வருவதில்லை. மாமியார் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கச் சொன்னார். இரண்டு முறை வைத்தோம், உடனே போய்விட்டாள். இப்படியே செய்யலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்வோம். உங்கள் மகள் முக்கவில்லை, அடக்குகிறாள்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் உங்கள் மேல் தப்பில்லை. முக்குகிற பிள்ளை முட்டியை மடக்கும், குந்தும், வயிற்றை முன்னால் தள்ளும். அடக்குகிற பிள்ளை விறைப்பாக நிற்கும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும், தொடையை ஒட்டிக்கொள்ளும், பிட்டத்தை இறுக்கும், சோபா விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சிலை மாதிரி நின்றுவிட்டு, அப்புறம் ஒன்றும் நடக்காதது போல விளையாடப் போய்விடும். கதவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் என்று மறைவிடம் தேடுவதும் இந்த ரகம்தான். 

ஏன் அடக்குகிறாள்? என்றைக்கோ ஒரு நாள் கட்டியாகப் போய் வலித்திருக்கும். காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிடாத வாரமாக இருக்கலாம், ஊருக்குப் போய் வேறு கழிவறையைப் பார்த்து மிரண்டதாக இருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தையின் கணக்கு ரொம்ப எளிது: போனால் வலிக்கும், ஆகவே போகக்கூடாது. ஆனால் பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். உள்ளே ஒரு நாள் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மலம் இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும், இன்னும் அடக்குவாள். இது மாதக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்துபோய், நிறைந்திருப்பதே தெரியாத நிலைக்கு வந்துவிடும். அப்போது கெட்டிப்பட்டதைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் ஜட்டியில் கசியும். அதைப் பேதி என்று நினைத்து, போவதை நிறுத்துவதற்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேர் எதிர் வைத்தியம் அது.

தாய்ப்பால் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சிசு சில நாள் போகாமல் இருந்தாலும், போகும்போது கூழாகத்தான் போகும். சோறு, இட்லி சாப்பிடும் பிள்ளையின் விஷயம் வேறு. இந்த வயதில் தினம் மூன்று தடவை போகிற பிள்ளையும் உண்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை போகிற பிள்ளையும் உண்டு. மென்மையாக, அழாமல் போனால் இரண்டுமே சரி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்பதற்காக யாரும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் மலச்சிக்கல் என்று எழுதுவது எப்போது என்றால், வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்கும் குறைவாகவோ போவது, கெட்டியாக அல்லது வலியோடு போவது, அடக்கி வைப்பது, இந்த உடம்பிலிருந்தா வந்தது என்று கேட்கிற அளவுக்குப் பெரிதாகப் போவது, இப்படிப்பட்ட அடையாளங்களில் குறைந்தது இரண்டு, ஒரு மாதமாக இருந்தால். உங்கள் கடிதத்திலேயே இரண்டு இருக்கிறது.

எது மென்மை, எது கெட்டி என்பதற்கு ஒரு படம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் இருவர் 1997இல் வெளியிட்டது, மலத்தை ஏழு வகையாகப் பிரித்திருப்பார்கள். எங்கள் அறைகளில் சுவரில் ஒட்டியிருக்கும், வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நம் வீட்டு மொழியில் சொன்னால், ஒன்றாம் வகை ஆட்டுப்புழுக்கை. இரண்டாம் வகை அந்தப் புழுக்கைகளை ஒன்றாக அமுக்கிய மாதிரி முண்டும் முடிச்சுமாக. மூன்றாவது மேலே வெடிப்பு விட்டது. நான்காவது உரித்த பூவன்பழம் மாதிரி வழவழப்பாக. ஐந்தாவது மெத்தென்று துண்டு துண்டாக. ஆறாவது கூழ், ஏழாவது வெறும் தண்ணீர். இந்த வயதுப் பிள்ளைக்கு மூன்று, நான்கு, ஐந்து எது வந்தாலும் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இப்போது வெற்றிலைக் காம்பு. அது வேலை செய்யும், உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. ஆசனவாயின் உட்பக்கம் எதுவோ தொட்டால் உடனே குடல் தள்ளும், அவ்வளவுதான் அதன் சூத்திரம். ஆனால் இந்தப் பிள்ளையின் வியாதியே பயம். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் அங்கே எதையோ வைத்தால், அந்தப் பயம் இரண்டு மடங்காகாமல் என்ன செய்யும்? ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் காம்பு கீறிவிடவும் செய்யும். சோப்புத் துண்டு செருகுவது இதைவிட மோசம், உள்தோல் எரிந்துபோகும். மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். 

செய்ய வேண்டியது: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எடை பார்த்து, அதற்கேற்ற அளவில் மலத்தை இளக்கும் மருந்து வாங்குங்கள். லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைகால் எழுதுவார்கள். இரண்டும் குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கிற மருந்துகள், குடலைச் சாட்டையால் அடிக்கிறவை அல்ல. ‘பழகிவிடும்’ என்று பயந்து, இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. போனால் வலிக்காது என்று பிள்ளை நம்ப வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும், பல பேருக்கு மாதங்களே ஆகும். 

அப்புறம், உட்கார வைப்பது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் குடல் தானாக நகரும், வயிறு நிறைந்த சேதி பெருங்குடலுக்குப் போவதால். ஆகவே காலையும் இரவும் சாப்பிட்டபின் ஐந்து நிமிடம், திட்டாமல், கெஞ்சாமல், ‘வந்துச்சா வந்துச்சா’ என்று கேட்காமல் உட்கார வையுங்கள். மேல்நாட்டுக் கழிவறையில் கால் தொங்கினால் முக்க முடியாது, காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். நம் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கு நடுவில் குழந்தையைக் குந்த வைப்பார்களே, உடம்பு மடிய வேண்டிய விதத்தில் மடிகிற அருமையான இருக்கை அது. மாமியாருக்கு ஏதாவது பொறுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வெற்றிலைக் காம்பை வாங்கிக்கொண்டு இதைக் கொடுங்கள். பப்பாளி, கொய்யா, கீரை மசியல், இரவு ஊற வைத்த உலர்திராட்சையைக் கசக்கிக் கொடுப்பது எல்லாம் கூடவே நடக்கட்டும். ஆனால் இவ்வளவு முற்றிய பிறகு பழம் மட்டும் போதாது.

ஒன்றைக் கேட்காமல் விட்டால் தப்பு. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் கறுப்பு மலம் போகவில்லையா, அன்றிலிருந்தே சிக்கலா? வயிறு உப்பி, வாந்தியும் வருகிறதா? எடை ஏறவில்லையா, நடையில் ஏதாவது மாற்றமா? இதில் ஒன்று இருந்தாலும் மருந்தோடு நிற்காது, பரிசோதனை வேண்டும்.

என் பேரனுக்கு ஒன்றரை வயது. சோறு தொடுவதில்லை, ஆனால் பால் நன்றாகக் குடிப்பான், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆகிவிடும், வீட்டுப் பசும்பால்தான். மலம் மட்டும் புழுக்கை புழுக்கையாகப் போகிறது. தண்ணீர் நிறையக் கொடுத்தும் சரியாகவில்லை.
– ஒரு தாத்தா, பொள்ளாச்சி

ஐயா, கேள்விக்குள்ளேயே பதிலை எழுதிவிட்டீர்கள். சோறு சாப்பிடாததால் பால் குடிக்கிறான் என்பதில்லை, பால் குடிப்பதால்தான் சோறு சாப்பிடவில்லை. அந்தச் சின்ன வயிற்றில் ஒரு லிட்டர் போனபின் வேறெதற்கு இடம்? பாலில் நார்ச்சத்து கிடையாது, இரும்புச்சத்து மிகச் சொற்பம். இப்படிக் குடிக்கிற பிள்ளைகள் கொழுகொழு என்று இருப்பார்கள், கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். பாட்டிலை நிறுத்திவிட்டு டம்ளருக்கு மாற்றுங்கள், பாதி அளவு தானாகவே குறையும். முதல் நான்கு நாள் ரகளை செய்வான், அதற்கு மனசு இளகாதீர்கள். தண்ணீரை மட்டும் கூட்டினால் சிறுநீர்தான் கூடும். இரும்புச்சத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மகனுக்கு இரண்டு வயது. தினம் நாலைந்து தடவை கூழ் மாதிரி போகிறது, ஒன்றரை மாதமாக. கேரட், உளுந்துத் தோல், தக்காளித் தோல் எல்லாம் போட்டது போட்டபடி வருகிறது. ஓடி ஆடி விளையாடுகிறான், எடையும் ஏறுகிறது. பிளே ஸ்கூலில் லூஸ் மோஷன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தொக்கம் விழுந்திருக்கும், எடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.
– வேலைக்குப் போகும் அம்மா, சென்னை

சாப்பிட்டது உள்ளே சிக்கி நிற்பதைத்தான் தொக்கம் என்கிறார்கள். அதை எடுக்கிற இடத்தில் உறிஞ்சியோ ஊதியோ ஒரு பருக்கையையோ இறைச்சித் துண்டையோ எடுத்துக் காட்டுவார்கள். அது உங்கள் மகன் வயிற்றிலிருந்து வந்தது அல்ல, காட்டியவர் கையோடு வந்தது. போகாதீர்கள்.

உங்கள் மகனுக்கு இருப்பது இந்த வயதில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. குடல் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. கேரட்டின் செல் சுவரையும் உளுந்தின் தோலையும் நாம் யாருமே செரிப்பதில்லை, நாம் மென்று அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகிறோம், அவனுக்குக் கடைவாய்ப் பற்கள் பாதிதான் வந்திருக்கும், அப்படியே விழுங்குகிறான். அதனால் முழுசாக வருவது செரிமானக் கோளாறு இல்லை.

நான் கேட்க நினைப்பது, ஜூஸ் எவ்வளவு குடிக்கிறான்? ஆப்பிள் ஜூஸில் சிறுகுடல் முழுதாக எடுத்துக்கொள்ள முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன, அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே போகும். டெட்ரா பாக்கெட் ஜூஸ், குளிர்பானம் இரண்டையும் இரண்டு வாரம் அடியோடு நிறுத்திப் பாருங்கள், பழத்தைப் பழமாகவே கொடுங்கள். கூடவே, பேதி என்று பயந்து நெய்யையும் எண்ணெயையும் குறைத்திருந்தால் திரும்பச் சேருங்கள், கொழுப்பு குடலின் வேகத்தைக் குறைக்கும். பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி நெய் இங்கே மருந்து. பள்ளிக்கூடத்துக்கு உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தொற்று இல்லை என்று. 

எடை இறங்கினால், தூக்கத்தில் எழுந்து போனால், ரத்தம் கலந்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு குடலைப் பிரட்டும் நாற்றத்தில் போனால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு நேரில் காட்டுங்கள்.

பச்சையாகப் போனால் சளியா, குளிரா? என்ன நிறம் வந்தால் பயப்பட வேண்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பச்சைக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும், குடலில் மெதுவாகப் போகப் போக அங்குள்ள பாக்டீரியா அதைப் பழுப்பாக்கும். வேகமாக ஓடி வந்தால் மாற நேரமில்லை, பச்சையாகவே வெளியே வரும். கீரை சாப்பிட்டாலும் பச்சை. மஞ்சள், பழுப்பு, பச்சை, கடுகு நிறம், இதில் எதுவும் வியாதி இல்லை.

கறுப்பு: இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறீர்களா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மில்லி என்று அரசாங்கம் கொடுக்கிற சிரப்பே போதும் நிறத்தை மாற்ற. டானிக் இல்லாமல், தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுவென்று போனால் அது மேல்குடலில் கசிந்த ரத்தம்.

சிவப்பு: என் மகனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது விடிகாலையில் டயபரைத் திறந்தேன், உள்ளே செக்கச் சிவப்பு. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்ன ஆள், எனக்குக் கை நடுங்கியது. மனைவி சமையலறையிலிருந்தே, நேற்று ராத்திரி பீட்ரூட் பொரியல் நீதானே ஊட்டினாய் என்றாள். பீட்ரூட், சிவப்பு டிராகன் பழம், கலர் போட்ட ஜெல்லி இதையெல்லாம் முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். கட்டி மலத்தின் மேல் ஒரு கோடு போட்ட மாதிரி ரத்தம் என்றால் பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. சளியும் ரத்தமும் கலந்து அடிக்கடி போனால் சீதபேதி, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்று, திடீர் திடீரென்று வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து சோர்ந்து படுத்து, திரும்ப வீறிட்டு, கூடவே வாந்தி. இப்படி இருந்தால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். திராட்சை ஜெல்லி மாதிரி கருஞ்சிவப்பாகப் போவது அதில் தாமதமாக வரும் அடையாளம், அதுவரை பொறுக்கக் கூடாது. இன்னொன்று, பீட்ரூட்டும் இல்லை, வலியும் இல்லை, ஆனால் நிறைய ரத்தம்.

வெள்ளை: சுண்ணாம்பு, களிமண் நிறத்தில் போனால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். கண் மஞ்சளாக இல்லாவிட்டாலும் அதே நாளில் டாக்டரிடம் போங்கள். கைக்குழந்தைக்கு இப்படி என்றால் இன்னும் அவசரம்.

மலத்தில் கறுப்பாக, நூல் மாதிரி பொடிப்பொடியாக இருக்கிறது. பூச்சியா?
– ஒரு அப்பா, திருநெல்வேலி

வாழைப்பழம் கொடுத்தீர்களா? பழத்தின் நடுவில் ஓடும் கோடும் கறுப்புப் புள்ளிகளும் செரிக்காமல் இப்படித்தான் வரும். ஒரு குச்சியால் நகர்த்திப் பாருங்கள், தானாக நெளியாது. உண்மையான நூல்புழு வெள்ளையாக, அரை அங்குலத்துக்குள் இருக்கும், நெளியும், ராத்திரியில் ஆசனவாயைச் சொறிய வைக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை விடாதீர்கள், ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி, அதற்கு மேல் முழு மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும்.

பல் முளைக்கிறது, அதனால்தான் பேதி, தானாக நிற்கும் என்கிறார்கள். நேற்றிலிருந்து எட்டு தடவை தண்ணீராகப் போய்விட்டது.
– ஒரு வாசகி, விழுப்புரம்

இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி என்பதால் இவருக்கு அன்றைக்கே பதில் போய்விட்டது. மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பல் பேதியை உண்டாக்குவதில்லை. ஈறு ஊறுகிறது என்று தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் எடுத்துக் கடிக்கிறான் இல்லையா, பேதி அந்த வழியாக வரலாம். இத்தனை தடவை என்றால் பல்லைச் சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது.

பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், அதைக் கரைப்பதில் நடக்கிற தப்பைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுகிறார்கள். உப்பு கூடினால் ஆபத்து, குறைந்தால் பிரயோஜனமில்லை. முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போனபின்னும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. கடையில் பழச்சுவையோடு விற்கும் பாக்கெட் பானங்களில் சர்க்கரை அதிகம், அவை இதற்கு ஈடாகாது. கூடவே துத்தநாக மருந்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள், பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முழுதாக. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், தயிர்சாதம், இட்லி, இளகிய கிச்சடி எதுவும் கொடுக்கலாம். போவதை நிறுத்தும் மாத்திரையைப் பெரியவர்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, எழுப்பினாலும் சுணங்குகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

டாக்டரிடம் காட்ட டயபரையே எடுத்துக்கொண்டு போகலாமா? மனைவி அசிங்கம் என்கிறாள்.
– ஒரு அப்பா, ஈரோடு

கெட்டியா, கூழா, எத்தனை பெரிது என்பதற்கெல்லாம் போட்டோ போதும், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஆனால் சிவப்பா, வெள்ளையா என்கிற சந்தேகம் என்றால் டயபரையே கொண்டுவாருங்கள், போனில் நிறம் ஏமாற்றும். இரண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஒருத்தர் அப்படி வைத்துக்கொண்டு வந்து, என் மேஜையில் முதலில் எடுத்து வைத்தது புளிச்சாதப் பொட்டலம்.